ஆஸ்டியோபதி மருத்துவரும் சமுதாய நலவாழ்வும்



நம் குடும்பங்களில் பலருக்கு அமெரிக்க நாட்டில் வாழும் மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோ உள்ளனர். அவர்களைக் காணச் சென்று சில திங்கள் தங்கி வரும் முதியோர், அங்குள்ள மருத்துவர் சிலரின் பெயர்ப்பலகையில் 'எம்.டி.' என்னும் எழுத்துகளுக்கு மாறாக 'டி.ஓ.' என்னும் எழுத்துகளைக் கண்டு ஐயுறுவதுண்டு. 'இவர் முழுமையான மருத்துவர்தாமா? மருந்து எழுதித் தர இவருக்கு உரிமை உண்டா? அறுவை மருத்துவம் செய்யலாமா?' என்னும் வினாக்கள் இயல்பாகவே எழுகின்றன.

விடை சுருக்கமானது. அமெரிக்காவில் கற்று 'டி.ஓ.' பட்டமும் உரிமமும் பெற்றவர் முழு உரிமை உடைய மருத்துவரே ஆவார். மருந்து எழுதவும், மகப்பேறு பார்க்கவும், அறுவை செய்யவும் எம்.டி. பட்டம் பெற்றவருக்கு உள்ள உரிமை அனைத்தும் அவருக்கும் உண்டு. ஆயின், இச்சிறு விடைக்குப் பின்னே ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு அடங்கியுள்ளது. நெடுங்காலம் புறத்தே நிறுத்தப்பட்ட ஒரு மருத்துவக் கூட்டம், பிற மருத்துவர் மிகுதியாகச் செல்லாத ஊர்களுக்குச் சென்று மக்களைப் பேணி, அப்பணியையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்ட வரலாறு அது. அதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

சொல்லின் பொருள்

'ஆஸ்டியோபதி' என்பது கிரேக்கச் சொற்களால் ஆகிய பெயர். 'ஆஸ்டியோன்' என்பது எலும்பையும், 'பேதோஸ்' என்பது துன்பத்தையும் குறிக்கும். பெயரைக் கொண்டு இதனை எலும்பு முறிவு மருத்துவம் என்றோ, நம் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவோரின் கலை என்றோ எண்ணுதல் பொருந்தாது. எலும்பு, தசை, மூட்டு, நரம்பு ஆகியவற்றின் அமைப்புக்கும் உடலின் பிற உறுப்புகளின் செயலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு தோன்றிய மருத்துவ நெறி இது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் இருத்துதல் நலம். பிரிட்டனில் 'ஆஸ்டியோபத்' எனப்படுவோர் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறைப்படுத்தப்பட்ட தனித் தொழிலினர். கைகளால் செய்யும் சிகிச்சையே அவர்தம் பணி. அமெரிக்காவின் 'ஆஸ்டியோபதி மருத்துவர்' என்போர் முழு மருத்துவக் கல்வி பெற்றவர். பெயர் ஒன்றாயினும் பயிற்சியும் உரிமையும் வேறு.

தோற்றம்

இந்நெறியைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர். இவர் 1828-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்ட் சபைப் போதகராகவும் மருத்துவராகவும் விளங்கியவர். குடும்பத்தினர் மேற்கே குடிபெயர்ந்து மிசௌரியிலும் பின்னர்க் கான்சாஸிலும் வாழ்ந்தனர். ஸ்டில் தந்தையிடமே மருத்துவம் பயின்றார். மனிதரை அடிமைகளாக விற்கும் வழக்கத்தை அக்குடும்பம் வெறுத்தது. 1857-ஆம் ஆண்டில் ஸ்டில் கான்சாஸ் பகுதியின் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான வடபுலத்தார் பக்கம் நின்று பணியாற்றினார்.

1864-ஆம் ஆண்டு மூளைக்காய்ச்சல் அவர் இல்லத்துள் புகுந்து மூன்று பிள்ளைகளைக் கொண்டு சென்றது. மருத்துவர்கள் வந்தனர்; அன்று அறிந்த மருந்துகளை எல்லாம் கொடுத்தனர்; பயன் விளையவில்லை. அக்காலத்து மருத்துவத்தின் நிலையை நாம் நினைவு கொள்ளல் வேண்டும். பாதரசம் கலந்த மருந்தும், கடும் பேதி மருந்தும், அபினும், சாராயமும், குருதியை வடித்தலும் அன்றைய சிகிச்சையில் பெரிதும் இடம்பெற்றன. கிருமிகளே பல நோய்களுக்குக் காரணம் என்னும் அறிவு இன்னும் வேரூன்றாத காலம் அது. தாமும் மருத்துவராக இருந்தும் தம் பிள்ளைகளைக் காக்க இயலாத துயரம், அம்மருத்துவ முறையின் மீது ஸ்டிலுக்கு இருந்த நம்பிக்கையைக் குலைத்தது.

அதன்பின் பத்தாண்டுகள் உடற்கூற்றை ஆழ்ந்து பயின்ற அவர், 1874-ஆம் ஆண்டு தம் புதிய நெறியை அறிவித்தார். தம் குடும்பத்தினர் நிலம் அளித்து வளர்த்த பேக்கர் பல்கலைக்கழகத்திலேயே அதனை எடுத்துரைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தார். நோயுற்றோர் தொடர்வண்டிகளில் அவ்வூர் வந்து இறங்கலாயினர். 1892-ஆம் ஆண்டு அங்கே அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிகள் பல கதவடைத்திருந்த காலத்தில் இது சிறிய செயல் அன்று. 1896-ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலம் முதன்முதலாக இம்மருத்துவர்க்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஸ்டில் 1917-ஆம் ஆண்டு மறைந்தார்.

கொள்கையும் திருத்தமும்

இந்நெறியின் அடிப்படைக் கருத்துகளை நான்காகத் தொகுத்துக் கூறுவர். மனிதர் உடல், உள்ளம், ஆன்மா மூன்றும் இணைந்த ஒருமை என்பது முதலாவது. உடல் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளவும் ஆற்றிக்கொள்ளவும் வல்லது என்பது இரண்டாவது. அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் உணர்ந்து செய்வதே தக்க சிகிச்சை என்பது நான்காவது.

ஸ்டில் கூறியவை அனைத்தும் சரியானவை என்று நாம் கருத வேண்டுவதில்லை. அவர் மருந்துகளைப் பெரும்பாலும் விலக்கினார். அம்மை குத்துதலையும் எதிர்த்தார். 1918-ஆம் ஆண்டுப் பெரும் இன்புளுயன்சா தொற்றின்போது தம்மிடம் வந்த நோயாளிகளில் மிகச் சிலரே இறந்தனர் என ஆஸ்டியோபதியினர் அறிவித்தனர். அக்கணக்கு அவர்களே தொகுத்தது. முறையான ஒப்பீட்டுக்கு உட்படாதது. ஆதலின் அதனைச் சான்றாகக் கொள்ளல் இயலாது.

1910-ஆம் ஆண்டு ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பார் வட அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகச் சாடியது. ஆய்வுக்கூடங்களும் மருத்துவமனைப் பயிற்சியும் போதிய அளவில் இல்லை என்று அது காட்டியது. அக்கல்லூரிகள் படிப்படியாகத் தம்மைத் திருத்திக்கொண்டன. மருந்தியலும் அறுவை மருத்துவமும் பாடத்தில் இடம்பெற்றன. தடுப்பூசியைத் தோற்றுநர் எதிர்த்திருந்தாலும், பின்வந்த மாணவர்கள் அதனைக் கற்றனர். இன்று தம்மிடம் வரும் குழந்தைகளுக்கு நாள்தோறும் அளித்து வருகின்றனர். தோற்றுநரைப் போற்றுவதும் அவர் பிழையைத் திருத்துவதும் ஒருங்கே இயலும் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

புறத்தே நிறுத்தப்பட்ட காலம்

கல்லூரிகள் திருந்திய பின்னும் மதிப்பு எளிதில் வந்துவிடவில்லை. ஆஸ்டியோபதியினரோடு கலந்து தொழில் புரிதல் தொழில் அறத்துக்கு மாறானது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் உறுப்பினருக்கு விதித்திருந்தது. 1961-இல்தான் அவ்விதி தளர்ந்தது. பொது மருத்துவமனைகள் பலவற்றில் இம்மருத்துவர் தம் நோயாளியைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்க இயலவில்லை. ஆகவே டெட்ராய்ட், பிலடெல்பியா முதலிய நகரங்களில் தமக்கெனத் தனி மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டனர். சிற்றூர்களில் சிறு மருத்துவமனைகளை எழுப்பினர்.

இரண்டாம் உலகப் போரின்போது எம்.டி. மருத்துவர் பலர் படைக்கு அழைக்கப்பட்டனர். ஆஸ்டியோபதியினரைப் படையின் மருத்துவப் பிரிவு அதிகாரிகளாக ஏற்கவில்லை. அவமதிப்பாகத் தோன்றிய அச்செயலே ஒரு நன்மைக்கு வழியாயிற்று. படைக்குச் சென்ற மருத்துவரின் இடம் ஊர்தோறும் வெறுமையாயிற்று. தாய்மாரும் குழந்தைகளும் முதியோரும் ஊரில் எஞ்சியிருந்த ஆஸ்டியோபதி மருத்துவரை நாடினர். ஒருமுறை நாடிய குடும்பங்கள் பல, போர் முடிந்த பின்னும் அவரையே தம் குடும்ப மருத்துவராகக் கொண்டன. பின்னர், வியட்நாம் போர் நடந்த 1966-ஆம் ஆண்டு, பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா இவர்களையும் சமநிலையில் படை மருத்துவராக ஏற்க ஆணையிட்டார்.

கலிபோர்னியாவில் நிகழ்ந்தது

1962-ஆம் ஆண்டு இத்தொழிலுக்கு ஒரு பெரும் சோதனை நேர்ந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் இரு தரப்புச் சங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஏறத்தாழ 2,000 டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. பட்டம் பெற்றனர். அவர்தம் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது. அம்மாநிலத்தில் புதிய டி.ஓ. மருத்துவர்க்கு உரிமம் வழங்குதலும் நிறுத்தப்பட்டது.

பிற மாநிலங்களும் இவ்வழியே சென்று ஆஸ்டியோபதி மறைந்தொழியும் எனப் பலர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. ஒரு சிறு கட்டணத்தால் பட்டம் மாறுமாயின், இருவர் கல்விக்கும் பெரிய வேற்றுமை இல்லை என்றுதானே பொருள்படும்? மற்ற மாநிலங்களில் இருந்தோர் இதனையே தம் வாதமாக்கினர். 1965-இல் முதியோருக்காக ஏற்பட்ட மெடிகேர் சட்டம் 'மருத்துவர்' என்னும் சொல்லில் இவர்களையும் அடக்கியது. 1973-க்குள் 50 மாநிலங்களிலும் முழு உரிமை கிடைத்தது. 1974-இல் கலிபோர்னியாவின் உச்சநீதிமன்றமும் உரிமம் வழங்குதலை மீண்டும் தொடங்கத் தீர்ப்பளித்தது.

மருத்துவர் இல்லாத ஊர்களை நோக்கி

இனி, சமுதாய நலவாழ்வுக்கு இவர்தம் தலையாய கொடை யாது எனக் காண்போம். அமெரிக்கா செல்வம் மிக்க நாடாயினும், அங்கும் மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே செறிந்து வாழ்கின்றனர். மலைப்பகுதிகளிலும் சுரங்க ஊர்களிலும் பழங்குடியினர் நிலங்களிலும் ஒரு மருத்துவரைக் காண நெடுந்தொலைவு செல்ல நேர்கின்றது. நகரத்துச் சூழலிலேயே கற்ற மாணவர், கற்று முடித்தபின் சிற்றூருக்குத் திரும்புதல் அரிது. இந்நிலையில் ஆஸ்டியோபதியினர் பலர் கைக்கொண்ட வழி, மருத்துவர் இல்லாத பகுதிக்குக் கல்லூரியையே கொண்டு செல்வதாகும்.

மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் என்னும் சிற்றூரில், முன்னர்ப் படைப்பயிற்சிப் பள்ளியாக இருந்த வளாகத்தில், 1970-களில் ஓர் ஆஸ்டியோபதிக் கல்லூரி தொடங்கப்பட்டு, பின்னர் மாநில அரசின் கல்லூரி ஆயிற்று. அப்பலாச்சிய மலைமக்களுக்கு மருத்துவரை உருவாக்குதலே அதன் நோக்கம். ஒகையோ மாநிலத்தின் மலைப்பகுதியில் ஏதென்ஸ் நகரில் 1975-இலும், கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான பைக்வில் நகரில் 1997-இலும் இத்தகைய கல்லூரிகள் எழுந்தன. அதற்கு முன்பே மிச்சிகன் மாநிலம் இத்துறைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இடமளித்திருந்தது.

2007-ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் தொடங்கிய கல்லூரி இன்னும் ஒருபடி மேற்சென்றது. அங்கு மாணவர் முதலாண்டு மட்டுமே வளாகத்தில் பயில்வர். இரண்டாம் ஆண்டு முதலே நாடெங்கும் உள்ள சமுதாய நல மையங்களுக்கு அனுப்பப்படுவர். வருவாய்க்கு ஏற்பக் கட்டணம் பெற்று ஏழைகளுக்கும் காப்பீடு இல்லாதவர்க்கும் சிகிச்சை தரும் இம்மையங்கள் 1960-களில் தோன்றியவை. ஏழை நோயாளியின் இல்லச் சூழலையும் தொழிலையும் உணவையும் மாணவர் ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் நேரிலும் காண்கின்றனர்.

ஓக்லஹோமா மாநிலத்தின் டாலெக்வா நகரில், செரோக்கி பழங்குடியினரோடு இணைந்து ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் ஓர் ஆஸ்டியோபதிக் கல்லூரியை 2020-இல் தொடங்கியது. பழங்குடி அரசோடு இணைந்து அவர்தம் நிலத்திலேயே அமைந்த முதல் மருத்துவக் கல்லூரி இதுவே. அதன் முதல் மாணவர்கள் 2024-ஆம் ஆண்டு மே மாதம் பட்டம் பெற்றனர்.

குடும்ப மருத்துவர் ஒருவர் ஓர் ஊரில் நிலைத்திருப்பதால் விளையும் பயன் யாது? பாட்டியின் இரத்த அழுத்தத்தையும், தாயின் பேறுகாலத்தையும், குழந்தையின் தடுப்பூசியையும் ஒருவரே கவனிக்கின்றார். சர்க்கரை நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் முன்னரே கண்டறிகின்றார். சுரங்கத் தொழிலாளி இருமினால் அவர் செய்யும் தொழிலை வினவாமலே அறிகின்றார். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோய் முற்றியபின் செய்யும் செலவைக் காட்டிலும், ஊரிலே முன்கூட்டிச் செய்யும் இப்பணி பல உயிர்களைக் காக்கின்றது.

இருவர் வாழ்க்கை

கொள்கை வாழ்க்கையில் விளங்கும் முறையை இருவர் வரலாற்றால் அறியலாம்.

வில்லியம் ஆண்டர்சன் என்னும் கறுப்பின மருத்துவர் அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில் ஆஸ்டியோபதி கற்று 1956-இல் பட்டம் பெற்றார். தென்புலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் மருத்துவமனை வைத்தார். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய ஊர் அது. 1961-இல் அங்கே எழுந்த ஆல்பனி இயக்கத்தின் தலைவராக ஊரார் அவரைத் தேர்ந்தனர். மார்ட்டின் லூதர் கிங் அவர்களை அவ்வூருக்கு அழைத்தவரும் இவரே. மக்களை நோயுறச் செய்யும் அநீதியையும் மருத்துவர் எதிர்த்தல் வேண்டும் என்பதை அவர் தம் செயலால் காட்டினார். 1994-இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் தலைவரானார். அப்பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

பார்பரா ராஸ்-லீ அம்மையார் டெட்ராய்ட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் 1973-இல் பட்டம் பெற்று, டெட்ராய்டிலேயே 1984 வரை தனியாகக் குடும்ப மருத்துவம் புரிந்தார். 1993-இல் ஒகையோ பல்கலைக்கழக ஆஸ்டியோபதிக் கல்லூரியின் முதல்வரானார். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு முதல்வராகிய முதல் கறுப்பினப் பெண்மணி இவரே.

கைமுறைச் சிகிச்சையின் அளவு

இம்மருத்துவர், எம்.டி. மாணவர் கற்கும் பாடங்களோடு, கைகளால் தொட்டு ஆய்ந்து தசைகளையும் மூட்டுகளையும் சீர்செய்யும் பயிற்சியை ஏறத்தாழ 200 மணி நேரம் கூடுதலாகப் பெறுகின்றனர். இதன் பயனை மிகைப்படுத்தாமலும் குறைத்துரையாமலும் நோக்குதல் வேண்டும்.

1999-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' கீழ்முதுகு வலி பற்றிய ஓர் ஆய்வு வெளியாயிற்று. கைமுறைச் சிகிச்சை பெற்றோரும் வழக்கமான சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். ஆயின், கைமுறைச் சிகிச்சை பெற்றோர் உட்கொண்ட மருந்து குறைவு. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு, முதுகு வலிக்கு முதலில் மருந்தில்லா முறைகளை நாடலாம் என அறிவுறுத்தி, முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. அபின் வகை வலி மருந்துகளுக்கு ஆட்பட்டு எண்ணற்றோர் மாண்ட அப்பலாச்சியப் பகுதியில், மருந்தைக் குறைக்கும் எவ்வழியும் மதிக்கத்தக்கதே. அதே வேளையில், தொற்றுநோய்க்கும் புற்றுநோய்க்கும் கைமுறைச் சிகிச்சை மாற்றாகாது. இன்று டி.ஓ. மருத்துவர் பலர் தம் அன்றாடப் பணியில் இதனை அரிதாகவே கையாள்கின்றனர்.

இன்றைய நிலை

அமெரிக்க மருத்துவருள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் ஆஸ்டியோபதியினர். மருத்துவ மாணவருள் நான்கில் ஒருவருக்கு மேல் இக்கல்லூரிகளில் பயில்கின்றனர். தொழில் புரிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய முதல்நிலைப் பணிகளில் உள்ளனர். பட்டத்துக்குப் பின் பெறும் மருத்துவமனைப் பயிற்சி 2020 முதல் இரு தரப்பினருக்கும் ஒரே அமைப்பின்கீழ் வந்துவிட்டது.

மதிப்பு வந்துவிட்டது. அதனோடு ஒரு கவலையும் வந்துள்ளது. முன்னர்க் கதவுகள் அடைபட்டிருந்தமையால் சிற்றூர் சென்றோர் பலர். இன்று எல்லாக் கதவுகளும் திறந்துள்ளன. பெரும் கல்விக் கடனோடு வெளிவரும் இளைஞர், வருவாய் மிக்க சிறப்புத் துறைகளையும் நகரங்களையும் நாடுதல் இயற்கை. புதிய கல்லூரிகள் விரைந்து பெருகும்போது, மாணவர் பயிற்சி பெறப் போதிய மருத்துவமனைகள் அருகில் உள்ளனவா என்றும் அறிஞர் வினவுகின்றனர். வேறு வழியின்றிச் செய்த தொண்டை இனி விரும்பிச் செய்ய வேண்டிய காலம் வந்துள்ளது. லூயிஸ்பர்க், பைக்வில், டாலெக்வா ஆகிய ஊர்களின் கல்லூரிகள் அவ்விருப்பத்தை மாணவர் உள்ளத்தில் விதைக்க முயல்கின்றன. சிற்றூரில் பிறந்து, சிற்றூரிலேயே கற்று, அங்கேயே பயிற்சியும் பெற்றவர் அங்கே தங்கும் வாய்ப்பு மிகுதி என்பதே அவற்றின் நம்பிக்கை.

நாம் கொள்ளத்தக்கது

பட்டத்தின் எழுத்துகளைக் கொண்டு ஒருவரை அளவிடாது, அவர் பெற்ற பயிற்சியையும் ஆற்றும் பணியையும் கொண்டு அளவிடுதல் வேண்டும். தம் நெறியின் பிழையைத் திருத்திக்கொண்டதனாலேயே இத்தொழில் நிலைபெற்றது. மக்கள் இருக்கும் இடத்தில் மருத்துவர் இருத்தலே சமுதாய நலவாழ்வின் முதற்படி என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. நம் இல்லங்களில் மருத்துவம் பயிலும் இளைஞர் இக்கட்டுரையைப் படிப்பாராயின், தாம் பணிபுரியப் போகும் ஊர் எது என்னும் வினாவையும் உடன் எண்ணிப் பார்ப்பாராக.

இல்லத்தில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவருக்கும் பிரிட்டனின் ஆஸ்டியோபத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. இரண்டாம் உலகப் போரில் நேர்ந்த புறக்கணிப்பு எவ்வாறு ஊர்மக்களுக்கு நன்மையாயிற்று?

3. 1999-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது யாது? அது நிறுவாதது யாது?

4. மருத்துவர் இல்லாத ஊருக்கு மருத்துவரை அனுப்புதல், அவ்வூர்ப் பகுதியிலேயே மருத்துவரை உருவாக்குதல் ஆகிய இரண்டனுள் நிலைத்த பயன் தருவது எது? ஏன்?